குலசை தசராவை புராஜெக்ட்டாக எடுக்கப் போகிறீர்களா? கடற்கரைக்கு முன்னால் ஊருக்குள் போங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். "டாக்குமெண்டரி போட்டோகிராபி பேப்பருக்கு குலசை தசரா எடுக்கலாம்னு இருக்கேன், எங்க நின்னா நல்ல ஷாட் கிடைக்கும்?" எங்கே நிற்பது என்பது பத்திரிகைக்காரர்களின் கவலை, ராத்திரி ஒரு மணிக்குள் ஆபீசுக்குப் படம் அனுப்ப வேண்டியவர்களின் கவலை. உங்களுக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'கொண்டாட்டமும் நினைவும்'. நினைவைக் கடற்கரையில் நின்றுகொண்டு எடுக்க முடியாது. குலசேகரன்பட்டினத்து மணலில் சூரசம்ஹாரத்தன்று லட்சக்கணக்கான பேர் நிற்பார்கள். அங்கே எடுக்கிற காளி முகம் இணையத்தில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, எல்லாம் ஒரே படம்தான்: நீட்டிய நாக்கு, வீரப்பல், பின்னால் மங்கலாக விளக்குகள். அந்தக் காளி யார், எந்த ஊர், யாருக்கு நோய் தீர வேண்டிக்கொண்டு இந்த வேஷம், இதற்கு முன் அவருடைய அப்பா என்ன வேஷம் கட்டினார் என்று ஒரு வரிகூட அந்தப் படத்தில் இருக்காது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையோரம் இருக்கிறது குலசேகரன்பட்டினம், சுருக்கமாகக் குலசை. முத்தாரம்மன் கோயில். அம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கும் சன்னதி. நவராத்திரி முதல் நாள் கொடியேறும், நேர்ந்துகொண்டவர்கள் காப்புக் கட்டுவார்கள், வேஷம் போட்டு ஊர் ஊராகப் போய் காணிக்கை எடுத்துக் கடைசியில் அதைக் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம், மறுநாள் காப்புக் களைதல். காளி, சிவன், அனுமார், எமன், கரடி, குரங்கு, போலீஸ், பிச்சைக்காரர் என்று வேஷத்துக்குக் கணக்கே இல்லை.

இதில் பெரும்பகுதி குலசையில் நடப்பதில்லை. உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை பக்கத்து ஊர்களிலும், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும், ஒவ்வொரு ஊரிலும் இருக்கிற தசரா செட்டில், அதாவது சேர்ந்து வேஷம் கட்டிக் கிளம்புகிற குழுவில்தான் நடக்கிறது. உங்கள் புராஜெக்ட்டும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு செட், ஒரு ஊர்

ஒரே ஒரு செட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று ஊரை ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் மூன்றிலும் வாசலோடு திரும்பி வருவீர்கள். உங்கள் அம்மா ஊரிலோ, ஹாஸ்டல் நண்பன் ஊரிலோ செட் இருந்தால் அதை விடாதீர்கள். "நான் இன்னார் பேரன்" என்று சொல்ல முடிகிற ஊரில், மற்ற இடத்தில் ஒரு வாரம் பிடிக்கிற வேலை ஒரு டீயில் முடிந்துவிடும்.

கொடியேற்றத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போக வேண்டும். காளி வேஷம் கட்டுகிறவர்கள் பலர் 41 நாள் விரதம் இருப்பார்கள், மற்ற வேஷக்காரர்கள் 21 நாள், 11 நாள் என்று அவரவர் வழக்கப்படி. விரதம் தொடங்கும்போதே நீங்கள் கண்ணில் பட்டிருந்தால்தான் பத்தாம் நாள் உங்களை யாரும் வெளியாளாகப் பார்க்க மாட்டார்கள். முதல் தடவை போகும்போது கேமராவைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம். பையை எடுத்துப் போகாமலே இருந்தால் இன்னும் நல்லது. செட்டை நடத்துகிற அண்ணாச்சியிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாமல், எல்லோரும் கூடுகிற ஒரு சாயங்காலத்தில் போய், என்ன எடுக்கப் போகிறீர்கள், எதற்கு, எங்கே காட்டுவீர்கள், இன்ஸ்டாவில் போடுவீர்களா மாட்டீர்களா என்று பொதுவில் சொல்லுங்கள். யூடியூப்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய் கண்டமேனிக்குத் தலைப்புப் போட்ட அனுபவம் நிறைய ஊருக்கு உண்டு, அதனால் கேள்வி வரத்தான் செய்யும். "காலேஜுக்கா, டிவிக்கா?" என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள், இழுக்காதீர்கள்.

பழைய படங்கள்

புராஜெக்ட்டின் முதுகெலும்பு இதுதான். நீங்கள் எடுக்கப்போகும் படங்களைவிட, அந்த ஊர் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் படங்கள்தான் நினைவைப் பற்றி அதிகம் பேசும்.

வேஷம் கட்டினால் ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொள்வது, இல்லையென்றால் ஸ்டுடியோக்காரரை ஊருக்கே வரவழைப்பது முன்பு பல ஊர்களில் வழக்கம். அந்தப் படங்கள் ட்ரங்க் பெட்டியில், பீரோ லாக்கரில், சாமி படத்துக்குப் பின்னால், சில வீட்டில் எல்ஐசி பாலிசி வைத்திருக்கும் மஞ்சள் பையில் இருக்கும். ஆண்களிடம் கேட்டால் "எங்க கெடக்கோ" என்பார்கள், ஆச்சிகளிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும். எடுத்துக் கொடுத்ததும் அவசரப்பட்டு போனில் கிளிக் பண்ண ஆரம்பித்துவிடாதீர்கள். படத்தை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டுப் பேச விடுங்கள் (ஆன் செய்வதைச் சொல்லிவிட்டுத்தான்).

கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். "தசரான்னா உங்களுக்கு என்ன நினைவு வருது ஆச்சி?" என்றால் "அம்மன் துணைதான், வேறென்ன" என்று முடிந்துவிடும். "இந்தப் படத்துல கிரீடம் யாரோடது?" என்று கேட்டுப் பாருங்கள். கிரீடம் பக்கத்து ஊரில் வாடகைக்கு வாங்கியது, அதைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கல் குறைந்ததென்று சண்டை வந்தது, அந்தச் சண்டையில்தான் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தது நின்றுபோனது என்று அரை மணி நேரம் ஓடும். பொருளைப் பிடித்துக் கேட்டால் ஆட்களும் வருஷமும் தானாக வந்து சேர்வார்கள். ஒரு வீட்டு ஆல்பத்தில் காளி வேஷத்தில் ஒருவர் நிற்கிறார், முகம் முழுக்கச் சாயம், பெற்ற அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. ஆனால் இடது கையில் வளையலுக்கு நடுவே கழற்ற மறந்த கைக்கடிகாரம். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அந்த வாட்ச்சில் விரலை வைத்துத்தான் "தாத்தா" என்கிறார்கள். இந்த மாதிரி ஒரு படம் உங்களுக்குக் கிடைத்தால் அதன் மேல் விரல் இருக்கும் நொடியை எடுத்துவிடுங்கள். அந்த வீட்டைப் பொறுத்தவரை அதுதான் தசரா.

வருஷம் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. "பெரியவன் பத்தாங்கிளாஸ் படிக்கும்போது" என்பார்கள், அதையே எழுதிக்கொண்டு பிறகு கணக்குப் போடுங்கள். எல்லோருக்கும் பொதுவாக நினைவில் நிற்கிற வருஷம் ஒன்று உண்டு, 2020. கொரோனாவால் சூரசம்ஹாரம் பக்தர்கள் இல்லாமல் கோயில் வளாகத்துக்குள்ளேயே நடந்தது. நேர்ந்துகொண்டவர்கள் அந்த வருஷம் என்ன செய்தார்கள், வேஷத்தை ஊரிலேயே கட்டினார்களா, தள்ளிவைத்தார்களா என்று கேளுங்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்வியில் எல்லோருக்கும் சொல்ல ஒன்று இருக்கும்.

படத்தை நகல் எடுக்கும் முறை. ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாத நிழலில், கறுப்புத் துணியோ இருண்ட நிறப் போர்வையோ விரித்து அதன்மேல் படத்தை வையுங்கள். கேமரா சென்சார் படத்துக்கு இணையாக, நேர் மேலே இருக்க வேண்டும். போன் என்றால் கட்டக் கோடுகளை ஆன் செய்துகொண்டு, ரொம்ப நெருங்காமல் கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள், ஓரம் வளையாது. பிளாஷ் கூடவே கூடாது, பளபளப்பான தாளில் வெள்ளைத் திட்டு விழும். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரை, தேதி, சில நேரம் பேனாவில் ஒரு பெயர் அங்கேதான் இருக்கும். பிளாஸ்டிக் தாள் ஒட்டிய ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க முயல வேண்டாம், வண்ணப் பூச்சு தாளோடு வந்துவிடும். அப்படியே சாய்வெளிச்சத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ போதும். படத்தை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது மட்டும் வேண்டாம், "நாளைக்குத் தந்துடறேன்" என்று எத்தனையோ பேர் வாங்கிப் போய்த் திரும்பி வராத கதை ஊரில் ஏற்கெனவே இருக்கும்.

சில வீட்டில் தசரா வீடியோ கேசட் இருக்கும், அதைப் போட்டுப் பார்க்கிற டெக் இருக்காது. கேசட்டை எடுத்து, அதிலேயே இருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே பாருங்கள். சுருளில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் எந்த டெக்கிலும் போட்டுப் பார்க்காதீர்கள், டேப்பும் போகும், டெக்கும் போகும். சுத்தம் செய்து மாற்றித் தருகிறவர்கள் நகரங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

எடுக்கவேண்டியவை

விரதம் இருப்பவர்கள் தங்குகிற குடிலில் தொடங்குங்கள். காலையில் குளித்துவிட்டு வருவது, ஒரு வேளை பச்சரிசிச் சாப்பாடு, கொடியில் காயும் சிவப்பு வேட்டி. அப்புறம் வீடு. விரதம் இருப்பவர் குடிலில் இருக்கும்போது வீட்டில் மனைவி என்ன செய்கிறார், சமையல் பாத்திரம் தனியாக எடுத்துவைப்பதா, பிள்ளைகள் அப்பாவைப் பார்க்க எங்கே போகிறார்கள் என்பதை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. தசராப் படங்களில் பெண்கள் கூட்டத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறவர்களாகத்தான் வருகிறார்கள். விரதத்தின் பாதிச் சுமை அவர்கள் தலையில் இருக்கிறது, அதை எடுத்தாலே உங்கள் புராஜெக்ட் தனியாகத் தெரியும்.

வேஷச் சாமான் வாங்குவது இன்னொரு அத்தியாயம். தசரா நெருங்கும்போது உடன்குடி, குலசைக் கடைகளில் கிரீடம், சடைமுடி, நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், அட்டைக் கைகள், சூலம் எல்லாம் தொங்கும். பழைய கிரீடத்தையே வைத்திருப்பவர்கள் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுவார்கள். கிரீடத்தைப் பழுது பார்க்கும்போது நெருங்கி உட்கார்ந்து பாருங்கள். பழைய கல் விழுந்த குழியில் வேறு நிறக் கல்லை ஒட்டுகிறார்கள், நெற்றியில் உறுத்துகிற இடத்தில் உள்பக்கம் பழைய வேட்டியை மடித்துத் தைக்கிறார்கள், அந்தத் துணியில் போன வருஷத்துச் சாயம் வியர்வையோடு சேர்ந்து கறையாக இறங்கியிருக்கும். அந்த உள்பக்கத்தை எடுங்கள். வெளிப்பக்கத்தை எல்லோரும் எடுத்தாகிவிட்டது.

சாயம் போடுவது மணிக்கணக்கில் நடக்கும், கட்டிக்கொள்கிறவர் அசையாமல் இருப்பார், உங்களுக்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது. பொறுமையாக எடுங்கள். இங்கே ஒரு டெக்னிக்கல் விஷயம்: டியூப் லைட், மலிவான எல்இடி பல்பின் கீழ் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கு ஒத்துவராத வேகத்தில் எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். இன்னொன்று, சிவப்பு. சிவப்புச் சேலை, சிவப்புச் சாயம், மேலே சிவப்பு சீரியல் செட் என்று எல்லாம் சேர்ந்தால் அந்த நிறம் மட்டும் வெடித்துப்போய் மடிப்பே தெரியாது. ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுங்கள், எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் வரை குறையுங்கள். லென்ஸ் விஷயத்தில் 35 அல்லது 50 எம்எம் ஒன்று போதும், நெருங்கிப் போக அதுவே உங்களைக் கட்டாயப்படுத்தும். நல்ல போன் இருந்தாலும் பரவாயில்லை, கேமரா இல்லையே என்று யாரிடமும் கடன் வாங்க வேண்டாம்.

வேஷம் கட்டி முடிந்ததும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். காளி வேஷம் என்றால் ஊரே "அம்மா" என்றுதான் கூப்பிடும், அருள்வாக்குக் கேட்கும், திருநீறு வாங்கும். முந்தின நாள் உங்களோடு டீ குடித்த அண்ணனாகவே இருந்தாலும் சரி. "அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று நடுத்தெருவில் சொன்னால் செட்டில் உங்கள் கதை அன்றோடு முடிந்தது. போஸ் கேட்க வேண்டியிருந்தால் சாயம் போடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

காணிக்கை எடுக்கப் போகும்போது கூடவே நடங்கள். வேன் முன்சீட்டில் உட்கார்ந்து போனால் பாதி போச்சு. எந்த வீட்டில் சொம்புத் தண்ணீரோடு காத்திருக்கிறார்கள், எந்த வீட்டுக் குழந்தை பயந்து ஓடுகிறது, காளி எந்தத் திண்ணையில் கிரீடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்குகிறது என்று கவனியுங்கள். இதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், எந்தத் தெருவுக்குள் போகிறார்கள், எதற்குள் போவதில்லை. பல ஊர்களில் தெருவுக்கு ஒரு செட், ஜாதிக்கு ஒரு செட். ஜாதி அடையாளமுள்ள கொடி, ரிப்பன், பனியன் கூடாது என்று போலீஸ் வருஷா வருஷம் அறிவிக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. 'எல்லோரும் ஒன்றுகூடும் திருவிழா' என்று முன்னுரையில் எழுதிவிட்டு இதைக் கண்டுகொள்ளாமல் போனால் அது டாக்குமெண்டரி இல்லை, சுற்றுலாத் துறை போஸ்டர். ஊர் வரைபடம் ஒன்றைக் கையாலேயே வரைந்து செட் நடந்த வழியைக் குறித்து வையுங்கள். சண்டை மூட்டுகிற மாதிரி யாரிடமும் கேள்வி கேட்க வேண்டாம், வழியைக் குறித்தாலே போதும். பெரியவர்களிடம் "முன்னாடியும் இந்த வழிதானா?" என்று மட்டும் கேளுங்கள், பதில் தானாக வரும்.

குறவர், பிச்சைக்காரர், ஆண்கள் கட்டும் பெண் வேஷம், இவற்றை எடுக்கும்போது உங்கள் கேப்ஷன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று யோசியுங்கள். தமிழ்நாடு அரசு 2023-இல் குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தடை போட்டது, அந்தச் சமூகத்தார் அது தங்களை இழிவுபடுத்துகிறது என்று நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். வேஷம் கட்டியவருக்கு அது நேர்த்திக்கடனாக இருக்கும், பார்க்கிற இன்னொருவருக்கு அது அவமானமாக இருக்கும். இரண்டையும் எழுதுங்கள்.

குழந்தைகள் வேஷத்தில் இருந்தால் பெற்றோரிடம் கேட்டபிறகுதான் எடுக்க வேண்டும், ஆடையை மாற்றும்போது எடுக்கவே கூடாது. சாமி வந்து ஆடுகிறவரை எடுத்தால் அவர் தெளிந்தபிறகு படத்தைக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

பத்தாம் நாள்

இதைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் உங்கள் செட்டோடு ஒட்டிக்கொண்டே போங்கள், மேடைப்பக்கம் இடம் பிடிக்கப் போக வேண்டாம். அம்மன் கடற்கரைக்கு வந்து மகிஷாசுரன் தலை மாற்றி மாற்றி வரும்போது, சிங்கமுகம், எருமைமுகம், சேவல் என்று, உங்கள் செட்டு ஆட்கள் எங்கே நின்று என்ன பார்க்கிறார்கள் என்பதுதான் உங்கள் படம். மணலில் லென்ஸ் மாற்றாதீர்கள். பேட்டரி இரண்டு கூடுதலாக, பாலிதீன் பை நாலைந்து, ஐப்பசி தொட்டுவிட்டால் வடகிழக்குப் பருவமழை சொல்லாமல் வரும். ட்ரோன் வேண்டாம். போனில் நெட்வொர்க் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, தொலைந்துபோனால் எங்கே சேர்வது என்று முன்னாலேயே பேசிவிடுங்கள். "ஓம் காளி, ஜெய் காளி" சத்தத்தை ஒரு பத்து நிமிஷம் தனியாக ரெக்கார்ட் செய்யுங்கள், கண்காட்சியில் பயன்படும்.

மறுநாள் எல்லோரும் தூங்கப் போய்விடுவார்கள், நீங்கள் போகாதீர்கள். காப்புக் களைவது, வேப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தேய்த்துச் சாயத்தைக் கழுவுவது, அத்தனை நாள் கழித்து வீட்டில் முதல் சாப்பாடு, கிரீடம் துணியில் சுற்றிப் பரணுக்கு ஏறுவது, வேன் வாடகைக் கணக்கில் வரும் சண்டை. சாயம் போன முகத்தில் காதுமடலுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த முகத்தோடுதான் திங்கட்கிழமை வேலைக்குப் போவார்.

குலசையின் நிலமும் மாறிக்கொண்டிருக்கிறது. இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டினார்கள். செட் நடந்துபோகும் பாதை, தேரி எனும் செம்மணல் காடு, பனங்காடு, பஸ் ஸ்டாப் என்று ஆள் இல்லாத படங்களும் பத்துப் பதினைந்து எடுத்து வையுங்கள். இப்போது சப்பென்றிருக்கும், இருபது வருஷம் கழித்து முதலில் தேடுவது அதைத்தான்.

படம் சேர்ந்த பிறகு

அன்றன்றைக்கே இரண்டு இடத்தில் காப்பி, மூன்றாவதாக ஒன்று கூகுள் டிரைவிலோ வேறு எங்கோ. கேப்ஷனைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எந்தக் காளி எந்தக் காளி என்று நீங்களே குழம்பிப் போவீர்கள். அன்று ராத்திரியே எழுதுங்கள்: தேதி, ஊர், தெரு, வேஷம், எத்தனையாவது வருஷம், யாருக்காக நேர்ந்தது, பெயர் போடலாமா கூடாதா.

தேர்வு செய்யும்போது பழைய படத்தையும் புதுப் படத்தையும் எதிரெதிரே வைத்து 'அன்றும் இன்றும்' என்று போடுகிற ஆசை வரும். எல்லோரும் செய்கிறார்கள், ஒரு ஜோடிக்கு மேல் அலுத்துவிடும். அதற்குப் பதில் ஒரு பொருளைப் பின்தொடருங்கள். ஒரே கிரீடம் மூன்று தலைமுறைத் தலையில் இருக்கும் படங்கள், அதன் உள்துணி, அதை வாங்கிய ரசீது இருந்தால் அதுவும். இருபது படம் போதும். நூறு படம் எடுத்துக்கொண்டு போனால் உங்கள் சாரே பத்தோடு நிறுத்திவிடுவார்.

ஊருக்குத் திருப்பிக் கொடுப்பதை மதிப்பெண் வந்தபிறகு என்று தள்ளிவைக்காதீர்கள். நகல் எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பழைய படத்தின் புதுப் பிரிண்ட் ஒன்று, மேக்ஸி சைஸில், லேமினேஷன் போடாமல். லேமினேஷன் போட்டால் பின்னால் பெயர் எழுத முடியாது. செட்டுக்கு எல்லாம் சேர்த்து ஒரு பென்டிரைவ். முடிந்தால் ஃபைனல் சப்மிஷனுக்கு ஒரு வாரம் முன்னால் குடில் இருந்த இடத்திலேயே கயிறு கட்டிக் கிளிப்பில் படங்களைத் தொங்கவிட்டு, கூடவே கேப்ஷனையும் ஒட்டி, பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டிவிடுங்கள். "இது அவன் இல்ல, அவன் தம்பி", "இது கொரோனாவுக்கு முந்தின வருஷம்" என்று ஆளுக்கு ஒன்று எழுதுவார்கள். அதை அழித்துச் சுத்தமாக டைப் அடிக்காமல் அந்தத் திருத்தங்களோடு அப்படியே டிபார்ட்மெண்டில் கொண்டுபோய் வையுங்கள்.